புரளும் முடிச்சு

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் வரிசைக்கு வேலைக்கு வரும் பெண்கள் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்ளும் பழுது ஒன்று உண்டு. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக ஓடியிருக்கும். தோலைத் திருப்பினால் பாபின் நூல் வளைவில்லாமல் நேராகக் கிடக்கும். மேல்நூல் துளை வழியே கீழே இறங்கி வந்து அதைச் சின்னச் சின்னக் கண்ணிகளாகச் சுற்றியிருக்கும். ஊசிமுனையால் அந்த அடிநூலை நெம்பிப் பிடித்து இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். 'டென்ஷன் சரியில்லை' என்று அந்த ஜோடி திரும்பி வரும். மேல்நூலின் இறுக்கம் குறைந்து, அடிநூலின் இறுக்கம் மிஞ்சிவிட்டது. இரண்டும் சமமாக இழுபட்டிருந்தால் தோலின் கனத்துக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும்.

1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய தையல் இயந்திரத்திலிருந்து இன்றைய போஸ்ட் பெட் இயந்திரம் வரை இந்தப் பூட்டுத் தையலின் கணக்கு மாறவில்லை. இரண்டு நூல்கள் பின்னிக்கொள்ளும் இடத்தில், அதிகம் இழுபடும் நூல் நேராகும்; தளர்ந்த நூல் அதைச் சுற்றிக்கொள்ளும். தோல் தைப்பவருக்கு இது பழுது. இதே பழுதை வேண்டுமென்றே வரவழைத்து, ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கினால் கிடைப்பது டாட்டிங் லேஸ்.

டாட்டிங்குக்கு வேண்டிய கருவி ஒன்றே ஒன்று: உள்ளங்கைக்குள் அடங்கும் படகு வடிவ ஷட்டில். இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே நூல் சுற்ற ஒரு தண்டு. நூல் தானாகக் கழன்று ஓடிவிடாதபடி தகடுகளின் முனைகள் ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் தந்தம், கொம்பு, ஆமையோடு, எஃகு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். நூலை இடக்கை விரல்களைச் சுற்றி ஒரு வளையமாகப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் உள்ள ஷட்டிலை அதன் கீழும் மேலுமாகச் செலுத்தி முடிச்சு போட வேண்டும்.

முடிச்சு விழும் அந்தக் கணத்தை அருகே போய்ப் பார்க்கலாம். ஷட்டில் முதலில் கடந்து வந்ததும், ஷட்டில் நூல்தான் கைநூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது இடக்கை விரல்களைத் தளர்த்திவிட்டு, ஷட்டில் நூலை மட்டும் விறைப்பாக இழுக்க வேண்டும். சட்டென்று சுற்று ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவும். சுற்றியிருந்த ஷட்டில் நூல் நேராகிவிடும். நேராக இருந்த கைநூல் அதன்மேல் கண்ணியாகப் புரண்டு உட்காரும். பிறகு இடக்கை நடுவிரலை உயர்த்தினால் கண்ணி வழுக்கிக்கொண்டு போய் முந்தைய முடிச்சின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இது அரை முடிச்சு. அடுத்த பாதியை இதற்குக் கண்ணாடிப் பிம்பமாக, எதிர்த்திசையில் போட்டால் ஒரு முழு முடிச்சு, அதாவது ஒரு 'இரட்டை'. புதுச் செருப்பில் விலைச்சீட்டைத் தொங்கவிடும் நூல், வாரைச் சுற்றி எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறதோ, இரட்டையின் உருவம் அப்படியே அதுதான்.

புரளுதல் கைவராதவர்களுக்கு டாட்டிங்கே கைவராது. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கையில் பிழை தெரியாது. முடிச்சு முடிச்சாகவே தெரியும். வளையத்தை மூட இழுக்கும்போதுதான் அசையாமல் நிற்கும்.

ஏன் அசையாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கப்பல் கட்டும் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரு ஆள் கப்பலையே பிடித்து நிறுத்திவிடலாம் என்பது துறைமுகத்தில் அனைவரும் அறிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் இதற்குச் சமன்பாடு எழுதினார். பின்னர் பொறியாளர் ஐட்டல்வைன் அதை விரித்தார். சுற்றும் கோணம் கூடக் கூட உராய்வு கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளரும். உராய்வு எண் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றைத் தாண்டி நூலை நகர்த்த ஏறக்குறைய 4.8 மடங்கு விசை வேண்டும். இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு. சரியாகப் புரண்ட முடிச்சுக்குள் ஷட்டில் நூல் எங்கும் வளைவதில்லை; அதன் சுற்றுக் கோணம் ஏறத்தாழப் பூஜ்யம். அதனால்தான் இருபது இரட்டைகள் கோத்த வளையத்தையும் ஒரே இழுப்பில் மூட முடிகிறது. நடுவே ஒரே ஒரு அரை முடிச்சு புரளாமல் நின்றுவிட்டால், அந்த இடத்தில் ஷட்டில் நூல் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இழுக்க இழுக்க இறுகும். மெல்லிய நூல் என்றால் அறுந்துவிடும்.

இதே புரளுதலைப் பார்த்துப் பயப்படுகிற தொழிலும் ஒன்று உண்டு. அதற்கும் ராணிப்பேட்டைக்கும் உறவு பழையது. சைலஸ் ஸ்கடர் 1866-இல் இங்கே தொடங்கிய மருத்துவமனை பின்னாளில் ஸ்கடர் நினைவு மருத்துவமனையாக வளர்ந்தது; வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அறுவை சிகிச்சை பயிலும் மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, சதுர முடிச்சின் இரண்டு நுனிகளையும் சமமாக, எதிரெதிராக இழுக்க வேண்டும் என்பது. ஒரு நூலை மட்டும் விறைப்பாகப் பிடித்துவிட்டால் முடிச்சு புரண்டு, நேரான நூலின்மேல் வழுக்கும் இரண்டு கண்ணிகளாகிவிடும். காயத்தை மூடிய தையல் நழுவிவிடும்.

புரண்ட சதுர முடிச்சை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தால் அங்கே தெரிவது டாட்டிங்கின் இரட்டை முடிச்சேதான். சர்ஜன் தவிர்க்கப் பாடுபடுவதை லேஸ் பின்னுபவர் வரவழைக்கப் பாடுபடுகிறார். இந்த ஒற்றுமையைப் பார்த்த பிறகு டாட்டிங்கை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க மனம் வராது.

இரண்டு பாதிகளும் ஏன் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும்? முதல் பாதியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒவ்வொரு அரை முடிச்சும் ஒரே பக்கம் முறுக்கும். வரிசை முழுவதும் திருகிக்கொண்டு போகும். இரண்டாவது பாதி எதிர்ப்பக்கம் முறுக்கி அதைச் சமன் செய்கிறது, வரிசை தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. அந்தத் திருகலையே அழகாக்கி, ஒற்றைப் பாதிகளை மட்டும் கோத்துச் சின்ன மொட்டு போல மூடும் வேலைக்கு ஜோசபின் முடிச்சு என்று பெயர். 2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் விஷால் பாட்டீல், யோர்ன் டங்கல் உள்ளிட்ட எம்.ஐ.டி. குழுவினர், இழுபடும்போது நிறம் மாறும் இழைகளைக் கொண்டு முடிச்சுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் முறுக்கைத்தான் பேசியது. அடுத்தடுத்த கடப்புகளில் நூல் எதிரெதிராக முறுக முயன்றால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரே பக்கம் முறுகினால் உருண்டு நழுவும். சதுர முடிச்சு ஏன் நிற்கிறது, இரண்டு பாதிகளையும் ஒரே பக்கமாகப் போட்ட அதன் தப்பான இரட்டைப் பிறவி ஏன் அவிழ்கிறது என்பதற்கு எண்ணிக் காட்டக்கூடிய காரணம் அப்போது கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு பழைய டாட்டிங் புத்தகம் ஒன்றைத் திறக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் இருந்த மத்மசேல் ரியெகோ த லா பிரான்ஷார்டியேர் வரிசையாகக் கைவேலைப் புத்தகங்களை வெளியிட்டார். டாட்டிங் அவருடைய தனிப் பிரியம். 1870-இல் பீட்டனின் கைவேலைப் புத்தகம் வந்தது. 1886-இல் தெரேஸ் த டில்மோன் தொகுத்த கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் டாட்டிங்குக்குத் தனி அத்தியாயமே உண்டு. இவற்றில் இருக்கும் பூவேலைகள் இன்றும் பின்னத் தகுந்தவை. ஆனால் குறிப்புகளோ, ஏற்கனவே தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. படம் இருந்தாலும் செதுக்குப் படம். எண்ணிப் பார்க்க உதவாது.

அந்தக் கால நடையில் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: '8 இரட்டை, 1 முத்து, 4 இரட்டை, 1 முத்து, 4 இரட்டை, 1 முத்து, 8 இரட்டை, இழு.' முத்து என்பது இன்று பீக்கோ என்று சொல்லப்படும் நூல் கண்ணி. சேலை ஓரத்துக்கு அடிக்கும் பீக்கோ வேறு. இது இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே விடப்படும் இடைவெளி, முடிச்சுகளைச் சேர்த்துத் தள்ளும்போது மேலே எழும்பி நிற்பது. இன்றைக்கு இதே வரியை 8–4–4–8 என்று எழுதி முடித்துவிடுவார்கள். மொத்தம் 24 இரட்டை, மூன்று பீக்கோ. எண்ணிக்கை தெளிவு. பீக்கோ எவ்வளவு உயரம், எந்த அளவுக்கு இறுக்கமாக மூடுவது, அடுத்த வளையத்துக்கு முன் எவ்வளவு வெற்று நூல் விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் பின்னுபவர் பாடு.

வெற்று நூல் என்பது அந்தக் காலத்தின் முத்திரை. ஆரம்பகால வேலைகள் ஒற்றை ஷட்டிலில் வளையங்களாக மட்டுமே வரும். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே வெறும் நூல் ஓடும். உருண்டையிலிருந்து இரண்டாவது நூல் கொண்டுவந்து, மூடாத வளைவுகளாகப் பின்னும் செயின் 1860-களில்தான் பரவியது. ஆகவே கையில் கிடைத்த பேட்டர்னில் செயினே இல்லையென்றால் அச்சில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். அது அந்தத் தலைமுறை வேலை.

நூலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரியெகோ பரிந்துரைத்தது டார்பியில் இருந்த வால்டர் எவன்ஸ் நிறுவனத்தின் பன்றித்தலை முத்திரைப் பருத்தி நூல். அன்றைய நூலும் இன்று கடையில் கிடைக்கும் பளபளப்பான நூலும் ஒன்றல்ல. பருத்தி இழை இயல்பில் தட்டையான, முறுகிய நாடா. அதைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் உப்பி உருண்டையாகும் என்று ஜான் மெர்சர் கண்டுபிடித்து 1850-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் நனைக்கும்போது இழுத்துப் பிடித்தால்தான் பளபளப்பு வரும் என்று 1890 வாக்கில் ஹொரஸ் லோ காட்டிய பிறகே அந்த முறை வியாபாரத்துக்கு வந்தது. எனவே 1850-களின் பேட்டர்ன் எதுவாயினும், மெர்சரைஸ் செய்யாத, கொஞ்சம் சொரசொரப்பான நூலுக்காக எழுதப்பட்டது. சொரசொரப்பு நூலில் வெற்று இடைவெளியும் உயரமான பீக்கோவும் நிற்கும். வழுவழுப்பு நூலில் சரியும். இன்றைய நூலில் பின்னுகிறவர் பீக்கோவைச் சற்றுக் குட்டையாக்கிக்கொள்வதே உத்தமம்.

நம்பர் விஷயத்தில் நூற்பாலை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுவே கவுண்ட். நம்பர் ஏறினால் நூல் மெலியும். ஆனால் நேர்விகிதத்தில் அல்ல, வர்க்கமூலக் கணக்கில். 80-ஆம் நம்பர் 20-ஆம் நம்பரின் கால் பங்கு எடை, பாதி கனம். கைவேலை நூல்களின் நம்பர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சற்று மாறும் என்பதால் இதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், சட்டமாக அல்ல. முறுக்கு அதிகமுள்ள, பல புரி நூலே டாட்டிங்குக்குத் தோது. மதுரையில் 1892-இல் ஹார்வி சகோதரர்கள் எழுப்பிய ஆலையின் வழித்தோன்றலான மதுரா கோட்ஸின் ஆங்கர் நூல் தமிழ்நாட்டுத் தையல் டீச்சர்களுக்குப் பழகிய பொருள். எம்பிராய்டரிக்கு விற்கும் ஆறு இழைப் பிரி நூலில் டாட்டிங் போட்டால் இழை பிரிந்து புரளுதல் சிக்கிக்கொள்ளும்.

லேஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1819-இல் கணவர் சார்லஸுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், பள்ளிச் சிறுமிகளுக்குத் தலையணை லேஸ் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அதில் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்பது திருவிதாங்கூர் வரலாற்றின் மறக்கக் கூடாத பக்கம். அவருடைய மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அதே கலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். முளகுமூட்டில் கன்னிமாடம் வழியாக அது வேரூன்றியது. கோதாவரிக் கரையில் நரசாப்பூரில் கொக்கி ஊசி லேஸ் பரவி, 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. டாட்டிங் இவற்றைப்போல ஓர் ஊரின் பெயரைச் சூடிக்கொள்ளவில்லை. தலையணை, குண்டூசிகள், டஜன் கணக்கில் மரக்குச்சிகள் எதுவும் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடியது என்பதால் பட்டறையாக இல்லாமல் கையிலிருந்து கைக்குப் போயிற்று. அதனால்தான் அதன் நுட்பங்கள் எழுத்தில் குறைவாகவும் விரலில் அதிகமாகவும் தங்கியிருக்கின்றன என்று தோன்றுகிறது.

பழைய பேட்டர்னில் அதிகம் சிரமம் தரும் இடங்கள் இரண்டு. முதலாவது, சேர்ப்பு. முந்தைய வளையத்தின் கடைசிப் பீக்கோவில் புது வளையத்தைக் கோக்க வேண்டும். 'சேர்' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த நூலைப் பீக்கோ வழியே இழுப்பது என்று பல குறிப்புகள் சொல்வதில்லை. கைநூலைச் சிறு கொக்கியால் இழுத்து, அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை நுழைத்துவிட்டால் ஷட்டில் நூல் நேராகவே இருக்கும், வளையம் மூடும். ஷட்டில் நூலை இழுத்துவிட்டால் அந்த இடத்தில் அது வளைந்து மாட்டிக்கொள்ளும், வளையம் மூடாது. புத்தகம் சொல்லாததை உராய்வுக் கணக்கு சொல்லிவிடுகிறது. ஷட்டில் நூல் எங்கேயும் வளையக் கூடாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஆறு வளையப் பூவில் கடைசிச் சேர்ப்பு இன்னும் சங்கடமானது. ஆறாவது வளையத்தின் கடைசிப் பீக்கோ இருக்க வேண்டிய இடத்தில் முதல் வளையத்தின் முதல் பீக்கோவில் கோக்க வேண்டும். ஆனால் முதல் வளையம் எதிர்ப்பக்கத்திலிருந்து தலை திரும்பி வந்து நிற்கும். நேரே கோத்தால் அந்தப் பீக்கோ அரைமுறுக்கு முறுகி, எல்லாப் பூவிலும் ஒரு மூலையில் சுளிப்பு தெரியும். ஒரு பட்டையின் இரு முனைகளை ஒட்டும்போது அரைமுறுக்கு சேர்ந்துவிட்டால் கிடைப்பது மோபியஸ் பட்டை. அந்த வடிவக் கணிதம்தான் இங்கே விரலிடுக்கில் நடக்கிறது. பூவை இரண்டாக மடித்து, முதல் வளையம் வேலை நடக்கும் இடத்தின் மேல் வந்து படுக்கும்படி வைத்துக்கொண்டு, பீக்கோவை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் அரைச்சுற்று திருப்பிக் கோக்க வேண்டும். விரித்துவிட்டால் இரண்டு அரைமுறுக்குகளும் கழிந்து பீக்கோ நேராக நிற்கும்.

இரண்டாவது சிரமம் அச்சுப் பிழை. வட்ட விரிப்புகளில் ஒரு எண் தப்பாக அச்சானால், மூன்று மணி நேரம் பின்னிய பிறகுதான் விரிப்பு கிண்ணமாகக் குழிவதோ கீரை இலையாகச் சுருங்குவதோ தெரியும். பின்னத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பிடிக்க வழி உண்டு. எந்த வட்டமானாலும் ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.28 செ.மீ. கூடியே ஆக வேண்டும். முதல் சுற்றின் ஆரம் 3 செ.மீ. என்றால் சுற்றளவு 18.8 செ.மீ.; 1 செ.மீ. உயரமுள்ள அடுத்த சுற்று முடியும்போது 25.1 செ.மீ. பன்னிரண்டு மடிப்புகளாகப் பகுத்தால் ஒவ்வொரு மடிப்பும் 15.7 மி.மீ.யிலிருந்து 20.9 மி.மீ.க்கு விரிய வேண்டும். ஒரு இரட்டை 1 மி.மீ. அகலம் எடுக்கும் என்று வைத்தால், மடிப்புக்கு ஐந்து இரட்டை கூடுதல். வளைவு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஓரிரண்டு சேர்க்கலாம். பேட்டர்ன் பன்னிரண்டு கூட்டச் சொன்னால் விரிப்பு அலை அலையாகச் சுருளும். இரண்டு கூட்டச் சொன்னால் குழியும். தன் கையில் ஒரு இரட்டை எத்தனை மி.மீ. என்று ஒரு வளையம் பின்னி அளந்துகொண்டால், 150 வருடத்துக்கு முந்தைய அச்சுக்கோப்பாளரின் தவறைக் காகிதத்திலேயே திருத்திவிடலாம். 1997-இல் டைனா டைமினா கொக்கி ஊசியால் ஹைபர்போலிக் தளத்தைப் பின்னிக் கணித வகுப்புக்குக் கொண்டுபோனதும் இதே சுற்றளவுக் கணக்கை எதிர்ப்பக்கம் கொண்டுசென்றுதான்.

மே மாத வேலூர் வெயிலில் வியர்த்த விரல் இன்னொரு தொல்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய நூல் முடிச்சுக்குள் பிடித்துக்கொள்ளும். நூல் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், பருத்தி ஈரத்தில் வலுவிழப்பதில்லை, கூடவே செய்யும். வழுக்குதல்தான் போய்விடும். கையைத் துடைத்துக்கொண்டு, எட்டுப் பத்து இரட்டைக்கு ஒருமுறை ஷட்டில் நூலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு மேலே போனால், எந்த முடிச்சில் சிக்கல் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மூடிய வளையத்தில் பிழை தெரிந்தால் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. ஒரு பீக்கோவின் இரு பக்க முடிச்சுகளையும் நகத்தால் மெல்ல விலக்கினால் நடுவே ஷட்டில் நூல் துளியாகத் தெரியும். ஊசிமுனையை அதற்கடியில் விட்டு இழுத்தால் நூல் பின்னோக்கி வழுக்கி வந்து வளையம் திறக்கும். பிறகு ஒவ்வொரு இரட்டையாகப் பிரித்துப் பிழையான இடம் வரை போகலாம். முடிச்சுகள் எல்லாம் சரியாகப் புரண்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். புரளாத ஒன்று வழியில் இருந்தால் நூல் அங்கே நின்றுவிடும், அதுவரை பின்னியதை வெட்டி எடுப்பதே வழி. வேலை முடிந்ததும் விரிப்பை நனைத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஒவ்வொரு பீக்கோவையும் இழுத்துக் குத்தி உலர வைப்பார்கள். ஈரத்தில் செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவேயுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, உலரும்போது இழுத்து வைத்த நிலையிலேயே மறுபடி உருவாகும். இரண்டு மூன்று இரட்டை கூடக் குறைய இருப்பதை அது சமாளித்துவிடும். மடிப்புக்கு ஏழெட்டு இரட்டை பிசகியிருந்தால், ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில் ஓரம் மறுபடி எழும்பும்.